குமிழியும் செல்லும்: பயோரியாக்டரில் சேதம் எங்கே நிகழ்கிறது?

முடக்குவாதத்துக்கும் பலவகைப் புற்றுநோய்களுக்கும் இன்று தரப்படும் ஆன்டிபாடி மருந்துகளில் பெரும்பாலானவை சி.எச்.ஓ. என்னும் செல்களில் உருவாகின்றன. அமெரிக்க மரபியலாளர் தியோடர் பக் 1957இல் சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து பிரித்தெடுத்த செல்களின் வழித்தோன்றல்கள் இவை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. என்ற புரதம் இவற்றில் தயாராகி 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரபணு மாற்றிய விலங்குச் செல்களைக் கொண்டு மருந்து செய்யும் தொழில் அதன் பிறகே வேரூன்றியது. இப்போது 10,000 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் எஃகுத் தொட்டிகளில் இந்தச் செல்கள் வளர்கின்றன. தொட்டியின் அடியிலிருந்து இரவுபகலாகக் குமிழிகள் எழுகின்றன. குமிழி விடாவிட்டால் செல்கள் ஆக்சிஜன் இன்றி மடியும். குமிழி விட்டாலும் செல்கள் மடியும் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சோதனைகள் காட்டிவந்துள்ளன. அப்படியானால் குமிழி செல்லை எந்த இடத்தில், எவ்விதம் கொல்கிறது? சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. வாயுவாலோ, குமிழி நீரில் ஏறும் அசைவாலோ செல்லுக்குப் பெருந்தீங்கு இல்லை. குமிழியின் பரப்பில் செல் ஒட்டியிருக்கும்போது அந்தக் குமிழி உடைவதுதான் தீங்கு. இதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆனதால், தொழில்துறை தவறான இடத்தில் எச்சரிக்கையாகவும் சரியான இடத்தில் கவனக்குறைவாகவும் இருந்துவந்தது.

முதலில் குமிழி ஏன் தவிர்க்க முடியாதது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 37 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், காற்றோடு சமநிலை எய்திய வளர்ப்பூடகத்தில் லிட்டருக்குச் சுமார் 0.2 மில்லிமோல் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஒரு விலங்குச் செல் ஒரு நாளில் உட்கொள்ளும் ஆக்சிஜன் ஏறத்தாழ 5 பிக்கோமோல். மில்லிலிட்டருக்கு ஒரு கோடி செல்கள் இருக்கும் தொட்டியில் (இன்றைய தொழிற்சாலைகளில் இது சாதாரண அடர்த்தி) லிட்டருக்கு மணிக்கு 2 மில்லிமோல் ஆக்சிஜன் செலவாகும். அதாவது, கரைந்திருக்கும் இருப்பு முழுவதும் ஆறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். சிறு குடுவையில் திரவத்தின் மேற்பரப்பு வழியாகவே போதிய ஆக்சிஜன் உள்ளே போகும். ஆனால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு பெருகும்போது மேற்பரப்பு நூறு மடங்குதான் பெருகுகிறது. ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. இந்தக் குறையை ஈடுகட்டப் புதிய பரப்பைத் திரவத்துக்குள்ளேயே உண்டாக்க வேண்டும். அதற்கு மலிவான வழி குமிழி.

பாக்டீரியா வளர்க்கும் தொட்டியில் இதே காற்றூட்டலைப் பல மடங்கு வேகத்தில் நடத்தலாம். சுமார் ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள பாக்டீரியாவைச் சுற்றி உறுதியான செல்சுவர் இருக்கிறது. விலங்குச் செல் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் விட்டம் கொண்டது; அதற்குச் சுவர் கிடையாது, சில நானோமீட்டர் தடிமனுள்ள சவ்வு மட்டுமே உண்டு. இந்த ஒப்பீட்டிலிருந்து பொறியாளர்கள் 1980களில் ஒரு முடிவுக்குத் தாவினார்கள்: கலக்கியின் துடுப்புகள் எழுப்பும் சறுக்குத் தகைவில் இந்த மெல்லிய செல்கள் கிழிந்துபோகின்றன, எனவே மிக மெதுவாகவே கலக்க வேண்டும். பார்வைக்கு நியாயமான ஊகம்தான். வேகமாகக் கலக்கிய தொட்டிகளில் செல்கள் உண்மையிலேயே செத்தன. ஆனால் வேகமாகக் கலக்கும்போது தொட்டியில் இன்னொன்றும் நடக்கிறது. திரவத்தின் நடுவே சுழிக்குழி விழுந்து, மேலிருக்கும் காற்றை உள்ளே இழுத்துக் குமிழிகளாக உடைக்கிறது. கலக்கலும் குமிழியும் ஒன்றாகவே கூடிய அந்தச் சோதனைகளில் குற்றம் எதனுடையது என்று சொல்லவே முடியாது.

இரண்டையும் பிரித்துக் காட்டியவர்கள் குனாஸ், பாப்புட்சாகிஸ் ஆகிய இருவர். 1990இல் வெளியான அவர்களது ஆய்வின் வடிவமைப்பு எளிமையானது. தொட்டியில் சிறிதும் காற்றிடம் விடாமல் திரவத்தால் நிரப்பினார்கள். காற்றும் திரவமும் சந்திக்கும் பரப்பே அங்கு இல்லை. அந்த நிலையில், ஆன்டிபாடி சுரக்கும் ஹைப்ரிடோமா என்னும் கலப்புச் செல்கள் நிமிடத்துக்கு 600 சுற்றுகளையும் தாங்கின. ஏறத்தாழ 700 சுற்றுகளைக் கடந்த பிறகே, சுழல்கள் செல்லின் அளவுக்குச் சுருங்கும் கொந்தளிப்பில்தான் சேதம் தெரிந்தது. சுழிக்குழி விழுந்து குமிழிகள் உள்ளே புகுந்த தொட்டியிலோ இதைவிட வெகு குறைந்த வேகத்திலேயே செல்கள் மடிந்தன. இதற்குச் சற்று முன்பே, 1989இல் ஹண்டா-காரிகன், எமரி, ஸ்பியர் ஆகியோர் சேதம் வாயு–திரவ எல்லையில் நிகழ்கிறது என்று வாதிட்டிருந்தனர். கொந்தளிப்பின் கணக்கும் இதையே சொல்கிறது. கன மீட்டருக்குச் சுமார் 50 வாட் ஆற்றல் செலுத்திக் கலக்கும் தொட்டியில் மிகச் சிறிய சுழலின் அளவு ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர். அதைவிடச் சிறிய செல், சுழலோடு சேர்ந்து சுற்றிப் போகுமே ஒழியக் கிழியாது.

குமிழிதான் காரணம் என்றால், அதன் வாழ்க்கையில் எந்தக் கட்டம்? ஒரு குமிழி காற்றூட்டும் குழாயின் துளையில் பிறக்கிறது, திரவத்தின் ஊடே ஏறுகிறது, மேற்பரப்பில் உடைகிறது. இந்த மூன்றையும் வேறுபடுத்தப் பயன்பட்டது நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் டிராம்பர் குழுவினர் பூச்சிச் செல்களைக் கொண்டு செய்த ஆய்வு. குமிழிகள் ஏறும் உயரமான கண்ணாடித் தூண்களில் செல்கள் சாகும் வேகத்தை அளந்தபோது, அது வாயு செலுத்தும் அளவுக்கு நேர்விகிதத்திலும் தூணின் உயரத்துக்கு எதிர்விகிதத்திலும் இருந்தது. இந்த எதிர்விகிதம்தான் துப்பு. ஏறும் பயணம் தீங்கானதாக இருந்தால், உயரமான தூணில் நீண்ட தூரம் ஏறும் குமிழி அதிகச் செல்களைக் கொல்ல வேண்டும். அப்படி நடக்கவில்லை. உயரம் எதுவானாலும் ஒவ்வொரு குமிழியும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் செல்களைக் கொன்றது. தூண் உயர உயர அந்த இழப்பு அதிகத் திரவத்தில் பங்கிடப்பட்டது, அவ்வளவே. ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு 'கொல்லும் கொள்ளளவு' உண்டு என்று டிராம்பர் குழுவினர் இதைச் சூத்திரமாக்கினர். இதனால் ஏறும் கட்டம் விடுவிக்கப்பட்டது. மிஞ்சியவை பிறப்பும் உடைவும்.

உடைவைக் கண்ணால் காட்டியவர் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி சால்மர்ஸ். அவரும் பவேரியனும் 1991இல் வெளியிட்ட நுண்ணோக்கிப் பதிவுகளில், ஏறும் குமிழியின் பரப்பில் பூச்சிச் செல்கள் ஒட்டிக்கொண்டு மேலே வருவது தெரிந்தது. மேற்பரப்பை அடைந்த குமிழியின் தலையில் மெல்லிய திரவப்படலம் உருவாகிறது. அதிலிருந்து நீர் வடிந்து அது சில மைக்ரோமீட்டர் தடிமனுக்கு, அதாவது செல்லைவிட மெலிதாக, இளைக்கிறது. ஒட்டியிருந்த செல்கள் அந்தப் படலத்தில் சிக்கியிருக்கின்றன. படலத்தில் ஓட்டை விழுந்ததும் அதன் விளிம்பு, பாய் சுருட்டப்படுவதுபோல, வழியிலுள்ள திரவத்தையும் செல்லையும் வாரிக்கொண்டு விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் பின்வாங்குகிறது. பிறகு குமிழி விட்டுச்சென்ற குழிக்குள் சுற்றியுள்ள திரவம் பாய்ந்து நடுவில் மோதி, மேல்நோக்கி ஒரு தாரையையும் கீழ்நோக்கி ஒரு தாரையையும் எழுப்புகிறது. எல்லாம் சில மில்லிவிநாடிகளில் முடிந்துவிடுகிறது. கணினிக் கணக்கீடுகளின்படி, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள குமிழி உடையும்போது அந்தச் சிறு இடத்தில் ஆற்றல் சிதறும் வீதம் கன மீட்டருக்கு ஒரு கோடி வாட்டைத் தாண்டுகிறது. கலக்கும் துடுப்பு தொட்டி முழுவதற்கும் சராசரியாகத் தரும் அளவோடு ஒப்பிட்டால் இது ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். சி.எச்.ஓ. செல்களை ஒரே முறையில் கொல்லும் எல்லையும் இதே பத்தின் அடுக்குகளில்தான் இருக்கிறது.

இந்தச் சேதம் எவ்வளவு பெரியது என்பதற்கும் அளவீடு உண்டு. டிரின், சால்மர்ஸ் முதலானோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், மில்லிலிட்டருக்குச் சுமார் பத்து லட்சம் பூச்சிச் செல்கள் உள்ள ஊடகத்தில் 3.5 மில்லிமீட்டர் குமிழி ஒன்று உடையும்போது சராசரியாக 1,050 செல்கள் இறந்தன. இந்த எண்ணை ஒரு லிட்டர் தொட்டிக்குப் பொருத்திப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர் வாயு செலுத்தினால் அது இந்த அளவுள்ள 445 குமிழிகளாகும். நிமிடத்துக்கு ஏறத்தாழ நான்கரை லட்சம் செல்கள், நாளொன்றுக்கு 67 கோடி செல்கள் பலியாகும். தொட்டியில் இருப்பவை மொத்தம் 100 கோடி. நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கும் செல்களின் வளர்ச்சிவீதம் நாளுக்கு 0.69, குமிழிகளால் நேரும் இறப்புவீதம் 0.67. வளர்ச்சி முழுவதும் குமிழிகளுக்கே போய்ச் சேர்கிறது. இத்தனைக்கும் இது மிதமான காற்றூட்டல்தான். ஒவ்வொரு லிட்டரிலும் பிறக்கும் புதுச் செல்லெல்லாம் மேற்பரப்பில் மடியக்கூடிய நிலையில், துடுப்பின் வேகத்தைக் குறைப்பதால் என்ன மிச்சமாகும்?

இனி இந்தச் சேதத்துக்கான மருந்து. புளூரானிக் எஃப்-68, அல்லது பொலாக்சமர் 188, என்பது நீர் விரும்பும் இரண்டு நீண்ட முனைகளுக்கு நடுவே நீரை வெறுக்கும் ஒரு துண்டு கொண்ட பாலிமர். லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று கிராம் வரை சேர்த்தாலே செல்கள் காற்றூட்டலைத் தாங்குகின்றன. இந்த வரலாற்றில் கவனிக்கத் தக்கது காலவரிசை. குலுக்கி வளர்க்கும் குடுவைகளில் இதன் பாதுகாப்பை ஸ்விம், பார்க்கர் இருவரும் 1960இலேயே கண்டிருந்தனர். காற்றூட்டிய தொட்டியில் கில்பர்னும் வெப்பும் 1968இல் காட்டினர். காரணம் தெளிவாவதற்கு முன்பே தீர்வு கையில் இருந்தது. கன்றுக்கருவின் சீரம் சேர்த்த ஊடகங்களில் சீரமே ஓரளவு இந்த வேலையைச் செய்ததால் அவசரம் தெரியவில்லை. பைத்தியப் பசு நோய் அச்சத்தால் 1990களில் சீரம் கைவிடப்பட்டபோது புளூரானிக் இன்றியமையாததாயிற்று. அது பாதுகாக்கும் விதம்தான் இக்கட்டுரையின் வாதத்துக்கு வலுவான சான்று. செல்லின் சவ்வை அது எஃகாக மாற்றிவிடுவதில்லை. உடைவின் வேகத்தையும் அடக்கிவிடுவதில்லை. குமிழியின் பரப்பை விரைவாக மூடி, பரப்பு இழுவிசையைக் குறைத்து, செல் அதில் ஒட்டாமல் தடுக்கிறது. சால்மர்ஸின் பதிவுகளில் புளூரானிக் சேர்த்த ஊடகத்தில் குமிழிகள் செல்கள் ஒட்டாமலே மேலே வந்து உடைந்தன. உடைவு அதேதான், அந்த இடத்தில் செல் இல்லை.

இதற்கு எழும் முதல் எதிர்வாதம்: குமிழியையே ஒழித்துவிட்டால் இந்தப் பாடு எதற்கு? சிலிக்கோன் குழாய் வழியாக ஆக்சிஜனைக் கசியவிடுவது, நுண்குழல் இழைகளில் செல்களை வளர்ப்பது, பிளாஸ்டிக் பையைத் தொட்டிலாட்டி அலையெழுப்புவது என வழிகள் இல்லாமல் இல்லை. விஜய் சிங் 1999இல் அறிமுகப்படுத்திய அலைப்பை முறை இன்றும் விதைச் செல்களைப் பெருக்கப் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் இவை எல்லாம் சில நூறு லிட்டரோடு நின்றுவிடுகின்றன. லிட்டருக்குச் சில மீட்டர் குழாய் வேண்டுமென்றால் 10,000 லிட்டருக்குப் பல கிலோமீட்டர் குழாய் வேண்டும். அதைச் சுத்தம் செய்வதும் கிருமி நீக்குவதும் நடைமுறையில் ஆகாத காரியம். இன்னொரு காரணமும் உண்டு. செல் உட்கொள்ளும் ஒவ்வொரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் ஏறத்தாழ ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு வெளியாகிறது. அதன் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்தைக் கடந்து ஏறினால் வளர்ச்சியும் உற்பத்தியும் தளர்கின்றன. பெரிய தொட்டியில் அந்த வாயுவைச் சுமந்து வெளியேற்றும் வண்டியும் குமிழிதான்.

குமிழியைச் சிறிதாக்கினால் மென்மையாகிவிடாதா என்பது இரண்டாவது எதிர்வாதம். இங்கே உள்ளுணர்வு ஏமாற்றுகிறது. சிறிய குமிழிதான் வன்மையாக உடைகிறது. 6 மில்லிமீட்டர் குமிழியின் உடைவில் ஆற்றல் சிதறும் வீதம் கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் வாட். ஒன்றரை மில்லிமீட்டர் குமிழியில் அது நூறு மடங்குக்கும் மேல். மறுபக்கம், நுண்துளைத் தட்டின் வழியே வரும் பொடிக் குமிழிகள் குறைந்த வாயுவிலேயே போதிய ஆக்சிஜனைக் கரைத்துவிடுகின்றன; அதனால் உடையும் வாயுவின் மொத்த அளவு குறைகிறது. ஆனால் அதே காரணத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும் குறைகிறது, நுரையும் திரள்கிறது. நுரையில் சிக்கிய செல் ஊட்டமின்றி வாடும். நுரையடக்கியாகச் சிலிக்கோன் ஊற்றினால் ஆக்சிஜன் கரைவது தடைப்படும். புளூரானிக்கே நுரையை நிலைக்கச்செய்து, ஆக்சிஜன் கடப்பதையும் சற்று மந்தமாக்குகிறது. ஆக, சரியான குமிழி அளவு என்று எல்லாத் தொட்டிக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. பல ஆலைகள் பெரிய துளைக் குழாயையும் நுண்துளைத் தட்டையும் சேர்த்து வைத்து, ஒன்றைக் கார்பன் டை ஆக்சைடு நீக்கவும் மற்றதை ஆக்சிஜன் ஊட்டவும் பயன்படுத்துவது இதனால்தான்.

மூன்றாவது எதிர்வாதம் வலுவானது: புளூரானிக் எல்லா ஊடகத்திலும் சேர்க்கப்படும் காலத்தில் இது முடிந்துபோன பிரச்சினை அல்லவா? முடியவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. ஒன்று, புளூரானிக் தூய்மையான ஒற்றைப் பொருளன்று. பல நீளங்களில் உள்ள மூலக்கூறுகளின் கலவை. ஒரு தொகுதியில் வளர்ந்த செல்கள் மறு தொகுதியில் காரணமின்றிச் சரிந்ததைப் பல நிறுவனங்கள் கண்டன. 2010களில் வெளியான ஆய்வுகள் காரணத்தைப் பாலிமரின் தொகுதி வேறுபாட்டில் கண்டுபிடித்தன. இரண்டு, பிறப்புக் கட்டமும் முற்றிலும் குற்றமற்றதன்று. 2008இல் என்.எஸ்.0 என்னும் விலங்குச் செல்களில் செய்த ஆய்வு, துளையில் வாயு நுழையும் வேகம் விநாடிக்குச் சுமார் 30 மீட்டரைத் தாண்டும்போது செல்கள் சேதமடைவதைக் காட்டியது. தொட்டியைப் பெரிதாக்கும்போது துளைகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் வாயுவை மட்டும் கூட்டுபவர்கள் இந்த எல்லையை அறியாமலே கடந்துவிடுவார்கள். மூன்று, செல் சாகாமலே மருந்து கெடலாம். கோடோய்-சில்வாவும் சால்மர்ஸும் பிறரும் 2009இல் காட்டியபடி, கொல்லும் எல்லைக்கு வெகு கீழே, கன மீட்டருக்குச் சுமார் 60,000 வாட் அளவுள்ள தகைவு திரும்பத் திரும்பப் பட்டாலே, சி.எச்.ஓ. செல்கள் தாம் சுரக்கும் ஆன்டிபாடியில் கோர்க்கும் சர்க்கரைச் சங்கிலி மாறிவிடுகிறது. அந்தச் சங்கிலி மருந்தின் வீரியத்தோடு தொடர்புடையது. உயிரோடிருக்கும் செல்களை எண்ணி மட்டும் தொட்டியின் நலத்தை அளப்பவருக்கு இது தென்படாது.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. தனித்தனியே மிதக்கும் செல்லுக்குத்தான் 'கலக்கலுக்கு அஞ்சாதே' என்ற விதி பொருந்தும். சில செல்கள் ஏதேனும் ஒரு பரப்பைப் பற்றியே வளரும். அவற்றுக்காக வான் வெசல் 1967இல் கொண்டுவந்த நுண்மணிகள் சுமார் 200 மைக்ரோமீட்டர் விட்டமுள்ளவை. மிகச் சிறிய சுழலைவிடப் பெரிய இம்மணிகள் சுழலோடு சுற்ற மாட்டா. அவற்றின் முதுகில் ஒட்டிய செல்கள் கலக்கலின் அடியை நேரே வாங்குகின்றன. குரோகன், ஹாமெல், வாங் ஆகியோர் 1987இல் காட்டியது இதைத்தான். கொத்துக்கொத்தாக வளரும் தண்டுச் செல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நோயாளிக்குச் செல்லையே மருந்தாகத் தரும் சிகிச்சைகளில் புளூரானிக்கைக் கழுவி நீக்க வேண்டும். 2020இல் சிங்கப்பூர் அனுமதித்த வளர்ப்புக் கோழி இறைச்சி போன்ற முயற்சிகள் மலிவாக வேண்டுமானால் மிகப் பெரிய தொட்டிகள் தேவைப்படும். அங்கெல்லாம் குமிழிக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். பூச்சிச் செல்லில் அளந்த 1,050 என்ற எண் வேறு செல்லுக்கு அப்படியே செல்லாது என்பதும் உண்மை. மாறுவது எண்தான், பரப்பில் ஒட்டி, படலத்தில் சிக்கி, உடைவில் மடியும் வழி மாறுவதில்லை.

செல்கள் மெல்லியவை, எனவே மெல்லக் கலக்கு என்ற பழைய அறிவுரை இன்னும் பல ஆலைகளின் கையேடுகளில் இருக்கிறது. அதன் விலை சிறியதன்று. மெதுவாகக் கலக்கும் பெரிய தொட்டியில் காரம் ஊற்றிய இடத்தில் பி.எச். எகிறுகிறது, அடியில் ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு தங்கிவிடுகிறது. கலக்கல் ஆய்வாளர் ஆல்வின் நீனோ நெடுங்காலமாக இதைக் கண்டித்து எழுதிவந்துள்ளார். செல்லைக் காப்பதாக எண்ணிச் செய்யும் மென்மையே செல்லை வாட்டுகிறது என்பது அவர் கட்சி. சான்றுகள் அவர் பக்கமே நிற்கின்றன. ஆகவே புதிய செல் வரிசையையோ புதிய தொட்டியையோ கையிலெடுப்பவர்கள் கேட்க வேண்டிய வரிசை இது: செல் குமிழிப் பரப்பில் ஒட்டுகிறதா? பாதுகாப்புப் பாலிமரின் இந்தத் தொகுதி சோதிக்கப்பட்டதா? துளையில் வாயுவின் வேகம் எவ்வளவு? உடையும் குமிழிகளின் எண்ணிக்கையும் அளவும் என்ன? மருந்தின் சர்க்கரைச் சங்கிலி மாறுகிறதா? துடுப்பின் வேகம் பற்றிய கேள்வி, மிதக்கும் செல்லைப் பொறுத்தவரை, இவை எல்லாவற்றுக்கும் பின்னால் வருவது.